ரிசல்ட் போன இடம்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அலுவலகப் படியேறும்போதே அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கண் எரிய உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாகிவிட்டது. பட்டியலில் நாற்பத்தாறு வேலைகள். நாற்பத்தாறுக்கும் பச்சை டிக். அப்படியிருந்தும் மூன்று மாடி ஏறுவதற்குள் நான்கு முறை போனை எடுத்துப் பார்த்துவிட்டாள்.

அது ஒன்பது மருத்துவமனைகளுக்குப் பொதுவான இரத்தப் பரிசோதனைக் கூடம். ஒன்பது இடங்களிலிருந்தும் ரத்தக் குழாய்கள் வண்டியில் வந்து தரைத்தளத்தில் இறங்கும். இயந்திரங்கள் சோதிக்கும். வரும் எண்களை லேப் மென்பொருள் வாங்கி, ரிசல்ட் சர்வர் என்று இன்னொரு கணினிக்கு அனுப்பும். மருத்துவமனை வார்டுகள் தங்கள் திரையில் பார்ப்பது அந்த ரிசல்ட் சர்வரைத்தான். இத்தனை நாள் இவை எல்லாம் அதே கட்டடத்தின் அடித்தளத்தில், குளிரூட்டி ஓயாமல் இரையும் ஓர் அறையில் இருந்தன. இப்போது கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே எட்டும் வாடகைக் கணினிகளுக்கு, மாறியாயிற்று. மாற்றியவள் அவள்தான். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘சர்வர் மேடம்’.

கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. லேப்பிலிருந்து தலைமை டெக்னீஷியன் போனில் கத்தினார்.

“மேடம், ஒண்ணுமே திறக்கல. ஆறு மணிலேந்து சுத்திக்கிட்டே இருக்கு. கீழ நூத்தம்பது டியூப் நிக்குது!”

“ரெண்டு நிமிஷம் கொடுங்க.”

“ரெண்டு நிமிஷம்னு சொல்லி ரெண்டு மணி நேரம் ஆக்கிடாதீங்க.”

லேப் மென்பொருள் ஓடும் புதுச் சர்வருக்குள் போய்ப் பார்த்தாள். ஆறு மணிக்குத் தானாக ஒருமுறை அணைந்து எழுந்திருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எழுந்ததிலிருந்து அதற்கு யாருடைய பெயரும் தெரியவில்லை. தரவுத்தளக் கணினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அப்படி ஒருவரைத் தெரியாது என்கிறது. எண்ணில் முகவரியைக் கொடுத்தால் உடனே பதில் வருகிறது. ஆக, சாலை நன்றாகத்தான் இருக்கிறது, பெயர்தான் பிரச்சினை.

கணினிகள் ஒன்றையொன்று தேடிப் போவது எண்களால்தான். மனிதருக்கு எண் ஞாபகம் இருக்காது என்பதால் பெயர் வைக்கிறோம். பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்வதற்கென்றே ஒரு கணினி உண்டு; பெயர் சர்வர் என்பார்கள். புதுச் சர்வர் எந்தப் பெயர் சர்வரிடம் போய்க் கேட்கிறது என்று பார்த்தாள். பார்த்ததும் பல்லைக் கடித்தாள். அடித்தளத்தில் இருந்த பழையதிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத்தான் நேற்றிரவே அணைத்தாயிற்றே.

“செத்தவன்கிட்ட வழி கேட்டுக்கிட்டு நிக்குது” என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கோப்பைத் திறந்து பழைய எண்ணை அழித்து, கிளவுடின் பெயர் சர்வர் எண்ணை எழுதினாள். ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பார்த்தாள். தரவுத்தளம் வந்தது. அச்சு சர்வர் வந்தது. ரிசல்ட் சர்வர் மட்டும் திருத்துவதற்கு முன்னாலேயே பதில் சொல்லியிருந்தது. ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதே என்று அப்போது அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி. எட்டு ஐந்துக்கு லேப் மென்பொருள் எழுந்து ஓட ஆரம்பித்தது.

எட்டரைக்குத் திரும்பவும் படுத்துவிட்டது.

போய்ப் பார்த்தால் அவள் எழுதிய வரியைக் காணோம். பழைய எண்ணே மறுபடி வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. மீண்டும் திருத்தினாள். ஒன்பது மணிக்கு மீண்டும் போயிற்று. இரண்டாம் முறையிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. கிளவுடு நெட்வொர்க் அரை மணிக்கொரு தரம் தன் கீழுள்ள சர்வர்களுக்கெல்லாம் ‘இதுதான் உன் முகவரி, இதுதான் உன் பெயர் சர்வர்’ என்று சொல்லி அனுப்புகிறது. அங்கே பழைய எண் இருக்கும்வரை, இவள் இங்கே எத்தனை தரம் திருத்தினாலும் அது வந்து அழித்துவிட்டுப் போகும். நெட்வொர்க் அமைப்பில் கை வைக்கும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு.

அவரை அலுவலகத்தில் ‘பூட்டு’ என்பார்கள். எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை “திறக்க முடியாது” என்றுதான் வரும். சொந்த வீட்டில் வைஃபை கடவுச்சொல்லைப் பெண்டாட்டிக்கே மூன்று மாதம் சொல்லாமல் இருந்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சு பொய்யில்லை என்பது சர்வர் மேடத்துக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண்டாட்டி இவளுடைய கூடப்பிறந்த அக்கா. நான்கு ஆண்டுகளுக்கு முன் இவள் இங்கே நேர்காணலுக்கு வந்த அன்று அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். “மச்சினியை நானே உள்ள இழுத்தேன்னு ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது” என்றார். வீட்டில் அவர் மாமா. அலுவலகத்தில் சார். இதுவரை இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதில்லை.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவர் மேசைக்குப் போனாள். நாற்காலி காலி, கோட்டு மட்டும் தொங்கியது.

“சார் எங்க?”

பக்கத்து மேசைக்காரர் தோளைக் குலுக்கினார். “எட்டு மணிக்கு வந்தாரு. ஸ்குரூ டிரைவர் எடுத்தாரு. போயிட்டாரு.”

திரும்பி வருவதற்குள் மென்பொருள் மறுபடியும் விழுந்திருந்தது. திருத்தினாள். நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை, நின்றுகொண்டே தட்டினாள். இருபத்தைந்து நிமிடம் ஓடும், விழும், எழுப்ப வேண்டும். நடுவே ஓடும் நேரத்தில் லேப் பரபரவென்று எண்களை அனுப்பித் தள்ளியது. அவள் திரையில் ‘அனுப்பப்பட்டது’, ‘அனுப்பப்பட்டது’ என்று வரிசையாக ஓடிற்று.

ஒன்பது ஐம்பதுக்கு ஒரு போன் வந்தது. வயதான, தடித்த, எதற்கும் அசராத ஒரு பெண் குரல்.

“சிறுநீரக வார்டு சிஸ்டர் பேசறேன். ஏழாம் படுக்கைக்குக் காலைல அனுப்புன ரத்தம், பொட்டாசியம். எட்டே காலுக்குள்ள வந்திருக்கணும். திரையில ஒண்ணும் காணோம்.”

வார்டு, படுக்கை இரண்டையும் போட்டுத் தேடினாள். “எட்டு இருபதுக்கே அனுப்பியாச்சு சிஸ்டர். திரையை ஒருதடவ மூடித் திறந்து பாருங்க.”

“மூணு தடவ பார்த்தாச்சு. எண்ணையாவது போன்ல சொல்லுங்க.”

“எனக்கு எண் தெரியாது சிஸ்டர். அனுப்பினதா இல்லையான்னுதான் இங்க தெரியும். லேப்ல கேட்டீங்களா?”

“லேப் போனை எடுத்தா நான் ஏன் உங்களைக் கூப்பிடறேன்?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு அவளுக்குப் பொறுமை அறுந்தது. எழுதக் கூடாத நேரத்தில் எழுதக் கூடாத மின்னஞ்சல் ஒன்றை எழுதினாள். மேலாளர் முதல் லேப் வரை எல்லோருக்கும் நகல். ‘காலை முதல் ஏற்பட்டிருக்கும் தடங்கல் முழுவதும் நெட்வொர்க் பிரிவின் கவனக்குறைவால் நேர்ந்தது. நேற்றிரவு அணைக்கப்பட்ட பெயர் சர்வரின் எண் இன்னும் நீக்கப்படவில்லை. பலமுறை தொடர்புகொண்டும் பிரிவின் பொறுப்பாளரிடமிருந்து பதில் இல்லை.’ பொத்தானை அழுத்திய பிறகுதான் ‘முழுவதும்’ என்ற வார்த்தை கொஞ்சம் அதிகமோ என்று பட்டது. அழுத்தியது அழுத்தியதுதான்.

பத்து ஐம்பதுக்குப் பூட்டிடமிருந்து ஒரே ஒரு வரி பதில் வந்தது. ‘சரிசெய்தாயிற்று.’ வேறு ஒரு சொல் இல்லை. பார்த்தால் உண்மையாகவே சரியாகியிருந்தது. அரை மணி போயிற்று, ஒரு மணி போயிற்று, பெயர்கள் நின்றன. மென்பொருள் விழவில்லை. லேப் டெக்னீஷியன் போன் செய்து, “ரெண்டு மணி நேரம்னு சொன்னேன்ல, மூணு ஆச்சு” என்று சொன்னாலும் குரலில் சிரிப்பு இருந்தது. அவளுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. காபி எடுத்து வந்தாள், குடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

பத்து நாற்பதுக்கே சிஸ்டர் இரண்டாம் முறை கூப்பிட்டிருந்தார். அப்போது இவள் ஆறாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தாள். பேச்சில் சிடுசிடுப்பு வந்துவிட்டது. பன்னிரண்டுக்கு மூன்றாம் முறை கூப்பிட்டார்.

“இன்னும் வரல.”

“சிஸ்டர், இங்க எல்லாம் சரியாயிடுச்சு. அனுப்பினது அனுப்பினபடி இருக்கு. போய்ச் சேர்ந்ததுன்னு ஒப்புதலும் வந்திருக்கு. பிரச்சினை உங்க பக்கம்தான் இருக்கணும். உங்க கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து வார்டின் சத்தம் மட்டும் கேட்டது; யாரோ ஒருவர் தண்ணீர் கேட்டார்.

“சரி” என்றார் சிஸ்டர். “நான் பார்த்துக்கறேன்.”

அந்தச் ‘சரி’ அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி யோசிக்கவிடாமல் அடுத்த போன் வந்தது. அக்கா.

“என்னடி, அவரைப் பத்தி ஊருக்கெல்லாம் லெட்டர் போட்டியாமே?”

“லெட்டர் இல்லக்கா, மெயில். உனக்கு யார் சொன்னா?”

“அவர்தான். தண்ணி குடிக்க மேல வந்தாராம், பார்த்தாராம். ‘உன் தங்கச்சி நல்லா எழுதறா’ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டாரு. எனக்கு இங்க கையும் ஓடல காலும் ஓடல. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு நீ வர்றியா இல்லையா, இப்பவே சொல்லு.”

“ஆபீஸ் விஷயத்தை ஆபீஸோட விடேன்க்கா.”

“நான் விட்டுடுவேன். அவர் மூணு நாள் பேசாம உம்முனு திரிவாரே, அதை யார் பார்க்கறது? நீயா?”

“அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்தாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்ற வரிசை சட்டென்று நின்றது. அதற்குப் பதில் சிவப்பில், ‘ரிசல்ட் சர்வரை அடைய முடியவில்லை’ என்று வந்தது. ஒன்று, இரண்டு, ஏழு, பன்னிரண்டு.

புது ரிசல்ட் சர்வருக்குள் போய்ப் பார்த்தாள். அது குத்துக்கல் மாதிரி ஆரோக்கியமாக நின்றது. சுமை எதுவும் இல்லை. சுமை எதுவுமே இல்லை என்பது இரண்டாம் பார்வையில்தான் உறைத்தது. காலையிலிருந்து ஒரே ஒரு ரிசல்ட்கூட அங்கே வந்து சேரவில்லை.

திரும்பி லேப் சர்வருக்கு வந்து, ரிசல்ட் சர்வரின் பெயரைக் கொடுத்து, முகவரி என்ன என்று கேட்டாள். வந்த எண்ணை இரண்டு தரம் படித்தாள். அது கிளவுடு எண் இல்லை. அடித்தள அறையின் எண்.

பெயர் சர்வரை நேராகக் கேட்டாள். அது புது எண்ணைச் சரியாகச் சொன்னது. இன்று காலை ஆறு மணிக்கு மாற்றியது மாற்றியபடி இருந்தது. அப்படியானால் இந்தச் சர்வர் மட்டும் ஏன் பழைய இடத்துக்குப் போகிறது? கேள்வியைக் கேட்கும்போதே பதில் எங்கே இருக்கிறது என்று அவள் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. பெயர் சர்வரைக் கேட்பதற்கு முன்னால் ஒவ்வொரு கணினியும் தன்னிடமே இருக்கும் ஒரு சின்னப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும். அதில் பெயர் இருந்துவிட்டால் வெளியே கேட்கவே கேட்காது. அந்தக் கோப்பைத் திறந்தாள்.

கடைசி வரியில் ரிசல்ட் சர்வரின் பெயர், பக்கத்தில் பழைய எண். அதற்கு மேல் ஒரு குறிப்பு: ‘தற்காலிகம், சோதனைக்கு மட்டும்.’

எழுதியது அவள்தான். மூன்று வாரத்துக்கு முன்பு. அப்போது புது ரிசல்ட் சர்வர் இன்னும் தயாராகவில்லை. லேப் மென்பொருளை மட்டும் ஓட்டிப் பார்க்கப் பழையதைக் காட்டிவைத்தாள். சோதனை முடிந்ததும் நீக்க வேண்டும் என்று நினைத்தாள். நாற்பத்தாறு வேலைப் பட்டியலில் அதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் வார்டுத் திரைகளும் பழைய சர்வரையே பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. இன்று காலை ஆறு மணிக்கு வார்டுகள் புது வீட்டுக்குப் போய்விட்டன. இவள் சர்வர் மட்டும் காலையிலிருந்து பழைய வீட்டுக் கதவைத் தட்டி, ரிசல்ட்டுகளை உள்ளே போட்டுவிட்டு வந்திருக்கிறது. ஆபத்தான எண் வந்தால் வார்டுக்கு மணி அடிக்கிற வேலையும் ரிசல்ட் சர்வருடையதுதான். பழையதில் அந்த மணியை இன்று காலை ஆறு மணியோடு நிறுத்தியாயிற்று.

அந்த வரியை அழித்தாள். அந்தக் கணமே சிவப்பு நின்றது. ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது; இந்த முறை அது உண்மை.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி நின்றாள். இந்தச் சர்வருக்குள் வருவது அவள் ஒருத்திதான். அழித்தது யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து பெயர்க் குழப்பம் என்று எல்லோருக்கும் தெரியும். யாருடைய தவறு என்று அவள் மின்னஞ்சலே சொல்லிவிட்டது. அதோடு இதையும் சேர்த்து மூடிவிட்டால் ஒருவரும் தோண்டப் போவதில்லை. இந்த எண்ணம் வந்தது. வந்ததை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று அவளைத் தள்ளிற்று. காலையிலிருந்து போன ரிசல்ட்டுகள் அத்தனையும் பழைய சர்வரில் கிடக்கின்றன. அந்தப் பழைய சர்வர் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஏன் பதில் சொல்வதை நிறுத்தியது?

ஸ்குரூ டிரைவர்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. நான்கு மாடிப் படியையும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அடித்தள அறைக் கதவு திறந்திருந்தது. பாதி அலமாரிகள் காலி. கறுப்பு வயர்கள் தரையெல்லாம். நடுவில், சட்டைக் கையை மடித்துவிட்டு, மாமா முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு கணினியின் முன்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தகவல் பதிந்த வட்டுகள் நான்கும் வெளியே, ஒரு துணி மேல்.

“மாமா, கழட்டாதீங்க!”

அலுவலகத்தில் அவள் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“புதன்கிழமைதானே கழட்டறதா இருந்தது?”

“ஓடவிட்டு வெச்சிருந்தா ஆபத்து. திறந்த கதவு” என்றார். “எதுக்கு இந்த ஓட்டம்?”

சொன்னாள். மூச்சு வாங்க வாங்க, முன்பின்னாக, ஆனால் எதையும் விடாமல். வரியை எழுதியது தான் என்பதையும் சேர்த்து. அவர் எழுந்து துணியிலிருந்து முதல் வட்டை எடுத்தார்.

“எது எந்தப் பொந்துல இருந்ததுன்னு நல்லவேளை எழுதி வெச்சிருக்கேன். பிடி.”

வரிசை பார்த்து நான்கையும் செருகினார்கள். மின்சாரத்தைப் போட்டார். பழைய இயந்திரம் உறுமி, விசிறியைச் சுழற்றி, திரையில் ஏதேதோ எண்ணிக் காட்டிக்கொண்டு நிதானமாக எழுந்திருக்க ஆரம்பித்தது. எப்போதும் அதற்குப் பத்து நிமிடம் ஆகும். அவள் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

“நடந்தா சீக்கிரம் வராது” என்றார் மாமா.

“உட்கார்ந்தாலும் வராது.”

அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். “காலைல அந்த எண்ணை மாத்தாம விட்டது நான்தான். மெயில் சரி. ‘முழுவதும்’தான் கொஞ்சம் உறுத்திச்சு.”

“அனுப்பின உடனே எனக்கும் உறுத்திச்சு.”

“நானும் இன்னிக்கே கழட்டறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்” என்றார். சற்றுக் கழித்து, “உங்க அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க. தப்பு என்னோடதுன்னு நான் சொன்னா, உங்களைக் காப்பாத்த பொய் சொல்றேன்னு சொல்லுவா.”

இயந்திரம் எழுந்தது. ரிசல்ட்டுகள் பத்திரமாக இருந்தன; நூற்று எண்பத்து மூன்று. அவற்றுள் நான்கு சிவப்புக் கொடியோடு. மேலிருந்து இரண்டாவது, சிறுநீரக வார்டு, ஏழாம் படுக்கை. பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று. அவளுக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் பக்கத்திலேயே இயல்பான அளவு அச்சாகியிருந்தது. ஐந்தைத் தாண்டினாலே கவலை என்பது அதைப் பார்த்தால் எவருக்கும் புரியும்.

அறையில் போன் எடுக்காது. சுவரில் பழைய கம்பிப் போன் ஒன்று இருந்தது. மாமா மற்ற மூன்று வார்டுகளின் போன் எண்களைத் தேட, அவள் லேப் டெக்னீஷியனைக் கூப்பிட்டு நான்கு வார்டுகளுக்கும் முறைப்படி சொல்லச் சொன்னாள். ஆனாலும் கை நிற்கவில்லை. சிறுநீரக வார்டுக்குத் தானே போட்டாள்.

“சிஸ்டர், ஏழாம் படுக்கை... பொட்டாசியம்... ஏழு புள்ளி...”

“தெரியும்” என்றார் அந்தக் குரல்.

“எப்படி?”

“எண் தெரியாது. ஆளைப் பார்த்தா தெரியாதா? காலைல கால் தூக்க முடியலன்னாரு. பன்னெண்டு மணிக்கு நீங்க எங்க பக்கம்தான் தப்புன்னு சொன்னீங்க. இனி உங்களை நம்பி உட்கார்ந்திருந்தா ஆகாதுன்னு டாக்டரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தாங்க. பன்னெண்டே காலுக்கு ஊசி போட்டாச்சு. இப்ப ரத்தம் சுத்திகரிச்சிட்டிருக்கோம்.”

“நல்லா இருக்காரா?”

“இருக்காரு. பசிக்குதுன்னு சண்டை போடறாரு.”

போனை வைத்தாள். தரையில், வயர்களுக்கு நடுவே, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மற்ற மூன்று வார்டுகளில் ஒன்றுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது; இரண்டுக்கு இப்போதுதான் தெரிந்தது, ஆனால் நேரம் கடந்துவிடவில்லை. எஞ்சிய நூற்று எழுபத்தொன்பதையும் புதுச் சர்வருக்கு மாற்றி முடித்தபோது மணி மூன்று.

மூன்றரைக்கு மேலாளர் இருவரையும் அழைத்தார். அவர் நல்ல மனிதர். எதையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட விரும்புபவர்.

“ஆக, காலைலேந்து பெயர்ப் பிரச்சினை. நெட்வொர்க். சரியாயிடுச்சு. அப்படித்தானே? மேல ஒரு பாரா எழுதி அனுப்பிடறேன்.”

மாமா அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“இல்ல சார்” என்றாள். “அது பாதி. பெயர் சர்வர் எண், நெட்வொர்க் பக்கம். அதனால லேப் விட்டு விட்டு நின்னுச்சு. ஆனா ரிசல்ட் வார்டுக்குப் போகாம இருந்தது என்னால. நான் எழுதின ஒரு வரி. எடுக்க மறந்துட்டேன். வார்டுலேந்து மூணு தடவ கூப்பிட்டாங்க. மூணு தடவையும் உங்க பக்கம் பாருங்கன்னேன்.”

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். “இதை எழுதித்தான் ஆகணுமா?”

“ஆமா சார்.”

“எழுதினா விசாரணைன்னு ஒண்ணு வரும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“புதன்கிழமை கழட்ட வேண்டியதைத் திங்கட்கிழமையே கழட்டினேன்னும் சேர்த்துக்கோங்க” என்றார் மாமா ஜன்னலைப் பார்த்தபடியே. மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பாரா இரண்டு பக்கமாயிற்று.

அறிக்கையை அனுப்பிவிட்டு இருக்கைக்கு வந்தாள். உட்கார முடியவில்லை. திரையில் எல்லாம் பச்சை. காலையிலும் எல்லாம் பச்சைதானே. ரிசல்ட் சர்வரில் பார்த்தாள், வந்திருக்கிறது. ஆனால் வார்டுத் திரையில்? அதை இங்கிருந்து பார்க்க வழியில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருபது நிமிட நடை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பொறுமை இல்லாததால் நடந்தே போனாள்.

சிறுநீரக வார்டு இரண்டாம் மாடியில் நீண்ட கூடம். மருந்து வாடை, இயந்திரங்களின் சீரான டிக் டிக். நடுவில் ஒரு மேசை, அதன் பின்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பருத்த அம்மாள் எழுதிக்கொண்டிருந்தார்.

“யாரு?”

“கம்ப்யூட்டர்... லேப்லேந்து வர்றேன்.”

“அப்பாடா. ரெண்டு வாரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன், இப்பத்தான் ஆள் அனுப்ப மனசு வந்துச்சா? அந்த பிரிண்டர் பேப்பரை மென்னு துப்புது. பாருங்க.”

அவள் பிரிண்டரைப் பார்த்தாள். பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். “சிஸ்டர், காலைல போன்ல பேசினது நான்தான். உங்க பக்கம்தான் தப்புன்னு சொன்னேனே. தப்பு என் பக்கம்.”

சிஸ்டர் கண்ணாடியை இறக்கி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுது” என்றார். “இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“இல்ல. ரிசல்ட் உண்மையிலேயே இங்க வருதான்னு கண்ணால பார்க்கணும்.”

“ம்” என்றார் சிஸ்டர். மன்னிப்பும் இல்லை, திட்டும் இல்லை. “நான் முப்பது வருஷமா வார்டுல இருக்கேன். ஒரு விஷயத்துக்கு மூணு தடவ போன் பண்றவ நான் இல்ல. பண்ணா, காரணம் இருக்கும். அடுத்த தடவ அதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இப்ப பிரிண்டரைப் பாருங்க.”

முட்டி போட்டு பிரிண்டரின் பின்மூடியைத் திறந்தாள். உள்ளே உருளையில் கிழிந்த காகிதத் துண்டொன்று சுருண்டு கிடந்தது. அதை இழுத்துக்கொண்டிருந்தபோது ஏழாம் படுக்கையிலிருந்து குரல் வந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பஸ் ஓட்டுநர். கையில் குழாய், முகத்தில் கடுப்பு.

“மேடம், அதை முடிச்சிட்டு இந்த டிவியையும் பாருங்க. ஒரே சேனல்தான் வருது.”

“சும்மா இருங்க” என்றார் சிஸ்டர். “மத்தியானம் மேல போயிருப்பீங்க. இப்ப டிவி கேக்குது.”

“போகலையே. அப்ப டிவி வேணும்ல?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது; சிரித்துக்கொண்டே கண் கலங்கியது. முகத்தைப் பிரிண்டருக்குள் வைத்துக்கொண்டாள்.

ஐந்து பத்துக்கு மேசைத் திரையில் ஒரு வரி புதிதாக ஏறிற்று. சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். “ஏழாம் படுக்கை. பொட்டாசியம் நாலு புள்ளி ஒம்பது.” படித்துவிட்டு நோட்டில் எழுதினார். “வந்திருச்சு. போதுமா? வீட்டுக்குப் போங்க.”

“அடுத்தது எப்ப வரும்?”

“மூணாம் படுக்கைக்கு இன்னும் கால் மணி ஆகும்.”

“அதையும் பார்த்துட்டுப் போறேன்.”

“நாற்காலி அங்க இருக்கு, உட்காருங்க.”

“பரவால்ல சிஸ்டர்” என்று மேசையோரம் நின்றபடியே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.